கரைக் கணக்கு

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களில்தான் ஒலிக்கும். முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடந்த சின்னக் கத்தோலிக்க ஊர் எங்களுடையது. வாடகைக்கு வரும் அந்தக் குழாய்களைக் கூரையில் கட்டிவிட்டால் மாதா மகனுக்காக அழுவதும், எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்குக் காரில் கட்டிக்கொண்டு கத்தியதும் ஒரே மாதிரித்தான் கேட்கும். புதிதாக வந்த பங்குச் சுவாமிக்கு அது பொறுக்கவில்லை. தேர்தல் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். அந்தப் பருவம் கரைவலையில் நல்ல மீன்பாடு விழுந்து, கோயிலுக்கென்று ஒதுக்கும் பங்கும் தாராளமாகச் சேர்ந்திருந்தது. தவக்காலம் தொடங்கமுதல் கிளிநொச்சிக்குப் போய் நல்ல பெட்டி ஸ்பீக்கர் வாங்குவது என்று சுவாமி பூசையிலேயே அறிவித்துவிட்டார்.

எந்தப் பெட்டி நல்லது என்று யார் சொல்வது என்ற கேள்வியே எழவில்லை. காது என்றால் எங்கள் ஊரில் அண்ணாவியார்தான். ஐம்பத்தெட்டு வயது. கூத்துப் பழக்குவதும் அவர், கோயில் பாட்டுக்குத் தலைவரும் அவர். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுக்கு முதலடி எடுத்துக் கொடுப்பதும் அவரே. நாற்பது பேர் பாடினாலும் சுருதி விலகினவனைத் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடிப்பார் என்று பெயர். பாட்டு விஷயத்தில் அவர் வாய் திறக்கும்வரை ஊரில் வேறொருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சுவாமிமார் வருவார்கள், மாறிப் போவார்கள். இந்த ஒழுங்கு மட்டும் மாறாது.

நான் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தேன். இருபத்துநாலு வயது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் ஆம்பிளை என்ற நினைப்பு வேறு. அந்த நேரத்தில் எனக்கு அண்ணாவியாரைக் கண்ணில் காட்டக்கூடாது. காரணம் என் தங்கச்சி.

புலம்பலில் ஓர் இடம் தனிக்குரல். செத்துக் கிடக்கும் மகனைப் பார்த்து மாதா அழும் இடம். ஒவ்வொரு வருடமும் அதைப் பாட ஒரு பெட்டையை அண்ணாவியார் தெரிவு செய்வார். அதற்கு முந்திய வருடம் என் தங்கச்சிக்குப் பதினேழு வயது. நான் அவளை மூன்று மாதம் பழக்கினேன். பழக்கினேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். பின்னேரம் பின்னேரமாக முற்றத்தில் நிறுத்தி வைத்து, சுரம் பிசகினால் கோடு கீறுகிற அடிமட்டத்தால் காலில் அடிப்பேன். அம்மா குசினிக்குள் இருந்து இரண்டொரு தரம் எட்டிப் பார்ப்பா, ஒன்றும் சொல்லமாட்டா. தங்கச்சிக்கு நல்ல குரல். அவள் பாடினால் ஊர் முழுக்க என் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தெரிவு நடந்த அன்று அவள் நாலு வரி பாடியதும் அண்ணாவியார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு. குரலிலை மேல் இல்லை. கீழை நல்லாத்தான் இருக்கு, மேலுக்குப் போகாது" என்றார்.

நாற்பது பேருக்கு முன்னால் சொன்னார். வேறொரு பெட்டை பாடினாள். நான் அவளுக்கு ஆர்மோனியம் வாசித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு வருடமாக அந்தச் சொல் எனக்குள் கிடந்து புழுத்தது.

கிளிநொச்சிக்குப் போகிற அன்று காலமை அண்ணாவியார் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். முதல் பாடு இழுத்து முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். தோணி நிழலில் என்னை இருத்தினார்.

"தம்பி, உனக்கு மட்டும் சொல்லுறன். எனக்கு ரெண்டு வருசமா மேல் சத்தம் கேக்கிறேல்லை. ஆம்பிளையளின்ர கதை கேக்குது. குருவியளின்ர சத்தம் இல்லை. கோயில் மணி ஏதோ பானையைத் தட்டின மாதிரி இருக்கு. பெட்டையள் பாடேக்கை வாயைத்தான் பாக்கிறன்."

"அப்ப சுருதி பிசகினால் எப்பிடிப் பிடிக்கிறியள்?"

"உன்ர முகத்தைப் பாப்பன். ஆரும் பிசகினால் நீ அந்தப் பக்கம் திரும்பி முறைப்பாய். அந்தப் பக்கத்துப் பெட்டையின்ர பேரைச் சொல்லுவன்."

எஞ்சின் வள்ளங்கள் வந்த புதிதில் ஒன்பது பத்து வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து ஓட்டினவர் அவர். அதன் இரைச்சல்தான் காதைத் தின்றுவிட்டது என்றார். கடையில் சுவாமிக்கும் கோயில் மூப்பருக்கும் முன்னால் எது நல்ல பெட்டி என்று அவர்தான் முதலில் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கூத்து, கோயில், அம்பா, மூன்றும் கையை விட்டுப் போய்விடும். அதைவிட்டால் அவருக்கு வேறு சீவியம் இல்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தோணியின் பலகையைப் பார்த்தே சொன்னார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. இரண்டு வருடமாகக் கேட்கவில்லை என்றால், போன வருடம் என் தங்கச்சியின் குரலில் மேல் இல்லை என்று எதைக் கேட்டுச் சொன்னார்?

கேட்டேவிட்டேன். "அப்ப என்ர தங்கச்சியைப் பற்றிச் சொன்னது?"

அவர் கடலைப் பார்த்தார். "அது வேறை கதை, தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் அதைக் கள்ளனின் மௌனம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு சைகை சொல்லித் தந்தார். கரைவலைக்காரருக்கு அது புதிதல்ல. மீன் கூட்டத்தைப் பார்க்கிறவன் கரையில் கடலைப் பார்த்து நின்று துணியை ஆட்டுவான். வள்ளத்தில் தண்டு வலிக்கிறவன் கரையைப் பார்த்தபடி இருப்பான். இரண்டு பேரும் எதிரெதிர். எங்கள் கரையின் ஒழுங்கு என்னவென்றால், கரையில் நிற்பவன் வலக்கையால் துணியை ஆட்டினால் வள்ளக்காரன் தன்னுடைய வலப்பக்கம் திருப்பவேண்டும். துணி தெரிகிற பக்கம் திருப்பக்கூடாது, அதற்கு எதிர்ப்பக்கம். புதிதாக வலைக்கு வருகிறவன் எப்போதும் துணியைப் பார்த்துத் திருப்பி ஏச்சு வாங்குவான். இதைத்தான் நாங்கள் கரைக் கணக்கு என்போம்.

"நான் கதிரையிலை இருப்பன். நீ பெட்டியளுக்குப் பக்கத்திலை எனக்கு முன்னாலை நில்லு. கரைக் கணக்கு. உன்ர வலக்கையிலை கைலேஞ்சி இருந்தால் என்ர வலப்பக்கத்துப் பெட்டி. இடக்கையிலை இருந்தால் இடப்பக்கம். விளங்குதோ?"

"விளங்குது" என்றேன். எனக்கு எல்லாமே நன்றாக விளங்கியிருந்தது.

சுவாமி, மூப்பர், அண்ணாவியார், நான், நாலு பேரும் பரந்தன் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மூப்பர் கோயிலின் காரியங்களைப் பார்க்கும் பெரியவர். வழி நெடுக அண்ணாவியாரின் காதைப் புகழ்ந்துகொண்டே வந்தார். விசுவமடுவில் செத்தல் மிளகாய்ச் சாக்கோடு ஆட்கள் ஏற, பஸ் முழுக்கத் தும்மல். அண்ணாவியார் வெள்ளை வேட்டி, சால்வையோடு, பொம்பிளை பார்க்கப் போகிற வீட்டுப் பெரியவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார். இடைக்கிடை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடை கிளிநொச்சி ரவுணில் பெரிய றோட்டோரம் இருந்தது. முதலாளி சிங்கப்பூரில் சில வருடம் இருந்து வந்தவர். எழுபத்தேழுக்குப் பிறகு சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதும் வீட்டையே கடையாக்கினவர். முன்பக்கத்தில் றேடியோ, கசற், பற்றறி. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், கோயில் மாதிரி. சுவரெல்லாம் தும்பு மெத்தை அடித்து அதன்மேல் நீலத்துணி போட்டிருந்தார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கவாம். மிளகாய் நல்ல விலைக்குப் போன வருடங்களில் தோட்டக்காரர் அந்த அறைக்குள் இருந்து, ஒரு போகத்தின் காசை ஒரு பாட்டுக் கேட்கிற நேரத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று கதை. அன்றும் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் தன் மைத்துனனோடு வந்து இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பிப் போகவில்லை. பார்க்க ஏதோ கிடைக்கப்போகிறது என்று மணம் பிடித்திருப்பார் போல.

முதலாளி ஃபானை நிற்பாட்டினார். "இரைச்சல் இருந்தால் நல்லதும் கூடாததும் ஒண்டுதான் ஐயா" என்றார். ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் வேர்த்து வழிந்தது. லேஞ்சி எடுக்க அதைவிட நல்ல சாட்டு வேண்டாம்.

அறையின் ஒரே நல்ல கதிரையில் அண்ணாவியாரை இருத்தினார்கள். சுவாமிகூட மர வாங்கில்தான் இருந்தார். எதிர்ச் சுவரில் தட்டின்மேல் இரண்டு சோடி ஸ்பீக்கர், இரண்டுக்கும் ஒரே கறுப்புத் துணி முகம். சோடிக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளை முதலாளி முன்னுக்கு இழுத்து வைத்தார், ஒன்று வலம், ஒன்று இடம். நான் நடுவில் சுவரோடு சாய்ந்து, அண்ணாவியாரைப் பார்த்தபடி நின்றேன்.

"ரெண்டிலை ஒண்டுதான் நல்லது. எது எண்டு நான் சொல்லமாட்டன். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார் முதலாளி.

கசற் ஓடத் தொடங்கியது. ஒரு பெண் குரல், கூடவே வயலின், இடைக்கிடை ஒரு சின்ன மணி. முதலில் அண்ணாவியாரின் வலப்பக்கத்துப் பெட்டி. போர்வையால் மூடிக்கொண்டு பாடுகிறவளின் குரல் மாதிரி இருந்தது. மணி இருப்பதே தெரியவில்லை. பிறகு முதலாளி ஒரு சுவிச்சைத் தட்டி இடப்பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினார். அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. மணி காதுக்குள் வந்து விழுந்தது. வயலின்காரன் வில்லைத் திருப்புகிற இடம்கூடத் தெரிந்தது. ஆர்மோனியத்தின் ஓட்டைத் துருத்தியோடு மாரடித்த எனக்கு, உலகத்தில் இப்படியும் ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்று அழுகை வந்தது. அந்த நேரம்கூட நல்லவனாகியிருக்கலாம். ஆகவில்லை.

மூப்பர் இடப்பக்கத்துப் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டத் தொடங்கி, ஒழுங்கு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். சுவாமிக்கும் தெரிந்துவிட்டது. மிளகாய்க்காரருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் அண்ணாவியாரின் வாயைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி, ரசிக்கிறவர் மாதிரித் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

இடக்கையில்தான் லேஞ்சி இருந்திருக்கவேண்டும். நான் வலக்கையால் முகத்தைத் துடைத்து, லேஞ்சியை அந்தக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

தவறி அல்ல. யோசித்துத்தான் செய்தேன். அதற்குள் ஒரு கெட்டித்தனமும் இருந்தது. எதிரெதிராக நின்றதால் என் வலக்கை நல்ல பெட்டி இருந்த பக்கத்தில்தான் இருந்தது. யாராவது பிறகு கேட்டால், நான் நல்ல பெட்டியின் பக்கம்தான் காட்டினேன், கரைக் கணக்கை யார் கடைக்குள் கொண்டுவரச் சொன்னது என்று தப்பிக்கலாம். மனிதனைக் கவிழ்க்கிறதோடு நில்லாமல் கையையும் கழுவிக்கொள்ளும் குணம் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

அண்ணாவியார் எழுந்து போய் வலப்பக்கத்துப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். "இதுதான் சுவாமி. குரல் எண்டால் இதிலைதான் குரல். மேல் எல்லாம் தெளிவாக் கேக்குது" என்றார்.

மிளகாய்க்காரரின் மைத்துனன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். முதலாளி சிரித்துக்கொண்டே வலப்பெட்டியின் முகத்துணியைக் கழற்றினார். பெரிய கோனுக்கு மேலே, சின்னக் கோன் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வயர்கள் கழன்று தொங்கின.

"ஐயா, இது வாய் கட்டின பெட்டி. மேல் சத்தம் சின்னக் கோனாலைதான் வரும். அது இல்லாட்டி எப்பிடி இருக்கும் எண்டு சனத்துக்குக் காட்டத்தான் கழட்டி வைச்சிருக்கிறன். இதுவரைக்கும் ஒருத்தரும் இதைத் தெரிஞ்சு எடுக்கேல்லை."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வியாபாரி மூளை வேறு மாதிரி ஓடும். அவர் அண்ணாவியாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நல்ல பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ கழற்றினார். "ஐயா ஒருக்கா இருங்கோ. இதையும் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார், சரியான மரியாதையோடு.

இந்த முறை பெரிய கோனைக் கழற்றிவிட்டுச் சின்னக் கோனை மட்டும் விட்டிருந்தார். பாட்டு வந்தது. உடம்பில்லாத பாட்டு; சிள்வண்டுகள் கூட்டமாகக் கத்துகிற மாதிரி, மணியும், வயலினின் கீச்சும், அவள் சொற்களின் நுனிகளும் மட்டும். அண்ணாவியார் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தாளம் போட ஆயத்தமாக வலக்கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார். பாட்டு ஒரு சரணம் முடிந்தது. அவர் சுவாமியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டார்.

மிளகாய்க்காரர் வாய் விட்டுச் சிரித்தார். மைத்துனன் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். முதலாளி பொத்தானைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பல் கூசியது. அண்ணாவியார் கை தொடையில் இருந்தபடியே காத்திருந்தார். கடைசியில் மூப்பர் தாங்கமுடியாமல் இரண்டு காதையும் பொத்தினார். அதை அண்ணாவியார் கண்டார். பிறகு சுவாமியும் காதைப் பொத்தியிருப்பதைக் கண்டார். மெதுவாகத் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

நானும் சிரித்தேன். எல்லாரும் சிரித்ததால் சிரித்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. எனக்குச் சந்தோசமாக இருந்தது. தங்கச்சியைப் பெட்டையளுக்கு முன்னால் கை உயர்த்தி நிறுத்தினவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று பார்த்தேன். வயிறு நிறையப் பார்த்தேன்.

பெட்டிகளை வாங்கினோம், நல்ல சோடி. திரும்பும்போது அண்ணாவியார் பஸ்ஸின் கடைசிச் சீற்றில் போய்த் தனியே இருந்தார். மூப்பர் அவர் பக்கம் திரும்பவில்லை. புகழ்ந்தது தன்னுடைய வாய் என்ற கோபம் அவருக்கு. விசுவமடு தாண்டியபோது சுவாமி என் பக்கம் சரிந்து, "இனிப் பாட்டுக் காரியத்தை நீரே பாரும்" என்றார். நான் யோசிக்கிற மாதிரிக் கொஞ்சநேரம் வெளியே பார்த்துவிட்டு, "சரி சுவாமி" என்றேன்.

ஊருக்குள் கதை ஒரே இரவில் பரவிவிட்டது. மூப்பர் தன் வீட்டில் சொன்னார், நான் இரண்டு கூட்டாளிகளுக்குச் சொன்னேன், அது போதும். அடுத்த கிழமை கரைவலையில் அண்ணாவியார் கயிற்றைப் பிடித்து வாயைத் திறக்கமுதல் பின்னாலிருந்து ஒருத்தன், "பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். கயிறு இழுக்கிற அத்தனை பேரும் சிரித்தார்கள். அது அவருக்குப் பட்டமாகிவிட்டது. றோட்டில் போனால் பொடியள் வேலிக்குள் இருந்து கத்துவான்கள். அந்த ஊரில் யாருக்கும் அவரில் பகை இல்லை. பகை இல்லாமலே ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கிழிக்கலாம் என்று அப்போது கண்டேன். இரண்டாம் கிழமையோடு அவர் வலைக்கு வருவதை விட்டுவிட்டார். கோயிலுக்கு வந்தால் உள்ளே வராமல் மதிலோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

தலைவரானதும் நான் செய்த முதல் வேலை தங்கச்சியைத் தெரிவு செய்தது. தெரிவு என்று ஒன்று வைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய், "இந்தமுறை நீதான் பாடுறாய்" என்றேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நான் பாடமாட்டன்."

"ஏன்? உன்ர குரலிலை மேல் இல்லை எண்டு சொன்னவருக்குக் காதே இல்லை. ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"அவர் தானாச் சொல்லேல்லை. நான்தான் சொல்லச் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், அவசரமாக, மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். போன வருடம் தெரிவுக்கு இரண்டு நாள் முன்னம் அண்ணாவியாரின் வீட்டுக்குப் போனாளாம். நான் ஆர்மோனியத்தோடு பக்கத்தில் இருந்தால் தனக்குத் தொண்டை பூட்டுது, மேல் வராது, எல்லாருக்கும் முன்னால் நின்றுவிடும் என்று அழுதாளாம். "அண்ணை விடமாட்டார். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால்தான் விடுவார்" என்று கேட்டாளாம். அவர், "சரி பிள்ளை, நான் சொல்லுறன். உன்ர கொண்ணர் என்னிலை கோவிக்கட்டும், உன்னிலை கோவிக்காமல் இருந்தால் சரி" என்றாராம்.

அது வேறை கதை என்று தோணி நிழலில் அவர் சொன்னது இதைத்தான். தன் தலை போகிற நேரத்திலும் ஒரு பெட்டையின் இரகசியத்தை அவர் வெளியே விடவில்லை.

இந்த இடத்தில் நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது கோபம். என்னை வைத்து இரண்டு பேரும் நாடகம் ஆடியிருக்கிறார்கள் என்ற கோபம். "இப்ப அவரில்லை. நீ பாடுறாய்" என்றேன். ஆறு கிழமை பழக்கினேன். அடிமட்டத்தைத் தொடவில்லை, தொடாமலே அவளுக்கு நடுங்கியது.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. புதுப் பெட்டிகள் பீடத்தின் இரண்டு பக்கமும் நின்றன. மாதா அழும் இடம் வந்தது. தங்கச்சி நன்றாகத்தான் எடுத்தாள், நாலு வரி, ஐந்து வரி. மேலுக்கு ஏறுகிற இடத்தில் நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், தொண்டை பூட்டிக்கொண்டது. பழைய குழாய் ஸ்பீக்கர் என்றால் அந்த இரைச்சலில் யாருக்கும் தெரிந்திருக்காது. இவை நல்ல ஸ்பீக்கர்கள். அவள் எச்சில் விழுங்கியது, மூச்சு இழுத்தது, திரும்ப முயன்றபோது தொண்டைக்குள் வந்த ஒரு சின்னக் கேவல், எல்லாம் கோயிலின் கடைசி மூலைவரைக்கும் துப்புரவாகப் போய்ச் சேர்ந்தது. முன்வரிசைக் கிழவிகள் தாங்களாகவே அந்த வரியை எடுத்துப் பாடி முடித்தார்கள். அதற்குப் பிறகு தங்கச்சி எங்கேயும் பாடவில்லை. என்னோடு கதைப்பதையும் தேவைக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை முற்பகல் நான் அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். கடைக்குள் செய்ததைச் சொல்லி, சுவாமியிடமும் போய்ச் சொல்லுவதென்று வழியில் சொற்களை அடுக்கிக்கொண்டே நடந்தேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ஆளில் பாதி இல்லை. என்னைக் கண்டதும் வலையைத் தள்ளிவிட்டு எழும்பி, கதிரையை இழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கமுதல் அவர் தொடங்கிவிட்டார்.

"நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி. எனக்கு உன்ர முகத்திலை முழிக்க வெக்கமா இருந்தது. யோசிச்சுப் பாத்தன். அண்டைக்கு நீ நல்ல பெட்டி இருந்த பக்கத்தைத்தானே காட்டினனீ. உன்ர கை அந்தப் பக்கம்தான் இருந்தது, கண்ணுக்குள்ளை நிக்குது. கடைக்குள்ளை எந்த விசரன் கரைக் கணக்குப் பாப்பான்? நானே அப்பிடிச் சொல்லி உன்னைக் குழப்பிப்போட்டு, பிறகு நானே அதாலை தலைகீழாப் பாத்துப்போட்டன். நீ எனக்கு உதவி செய்ய வந்தனீ. உன்னையும் சேத்து வெக்கப்படுத்திப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளு."

அவருக்கு என் குரல் கேட்கும். ஆம்பிளைக் குரல் கேட்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லியிருந்தால் ஒரு சொல்லும் தவறாமல் அவருக்குக் கேட்டிருக்கும்.

"பரவாயில்லை, அண்ணாவியார். ஆருக்கும் வாற பிழைதானே" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "இஞ்சை பாரப்பா, தம்பி ஒண்டும் மனசிலை வைச்சிருக்கேல்லை" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு ஒரு தேத்தண்ணீர் தந்தா. அதைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.